குதிகால் வலியும் எம்ஆர்ஐ ஸ்கேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலைல எழுந்து காலை ஊனவே முடியல, உடனே எம்ஆர்ஐ எடுத்துடலாமா?

கொஞ்சம் பொறுங்க. தூங்கி எழுந்ததும் முதல் நாலஞ்சு அடி உயிர் போகுது, அப்புறம் நடக்க நடக்க கொஞ்சம் விட்டுக் கொடுக்குது, ரொம்ப நேரம் உக்காந்துட்டு எழுந்தா மறுபடியும் ஆணி குத்துன மாதிரி இருக்கு, குதிகாலுக்கு அடியில உள்பக்கமா ஒரே ஒரு இடத்துல அழுத்தினா துள்ளிடுறீங்க, இப்படின்னா அது பெரும்பாலும் பிளான்டார் ஃபேஷியைட்டிஸ் தான். பிளான்டார் ஃபேஷியான்னா குதிகால் எலும்புல தொடங்கி விரல் வரைக்கும், வில்லுக்கு நாண் கட்டுன மாதிரி பாதத்துக்கு அடியில ஓடுற ஒரு தடிச்ச பட்டை. குதிகால் வலின்னு வர்றவங்கள்ல அதிகம் பேருக்கு இதுதான் காரணம். இதைக் கண்டுபிடிக்க எம்ஆர்ஐயோட பெரிய காந்தம் எதுவும் வேண்டாம், பாக்குற டாக்டரோட கட்டைவிரலே போதும்.

இதுல பத்துல எட்டு ஒன்பது பேருக்கு ஸ்ட்ரெச்சிங், செருப்பு மாத்துறது, நிக்கிறதையும் ஓடுறதையும் குறைக்கிறது, தேவைப்பட்டா மாத்திரைன்னு ஆபரேஷன் இல்லாமலே ஒரு வருஷத்துக்குள்ள சரியாகிடுது. ஸ்கேன் எடுத்தாலும் இதே வைத்தியம் தான், எடுக்கலைன்னாலும் இதே வைத்தியம் தான், அப்புறம் எதுக்கு முதல் வாரமே ஓடணும்? என்னைக் கேட்டா, எம்ஆர்ஐ கிட்ட போறதுக்கு முன்னாடி கையில ஒரு கேள்வி இருக்கணும். கேள்வியே இல்லாம போய் படுத்தா அது சொல்ற பதில் உங்களைக் குழப்பத்தான் செய்யும்.

அப்போ எப்பதான் எடுக்கணும்?

ஒழுங்கா வைத்தியம் பாத்தும் (ரெண்டு நாள் ஸ்ட்ரெச்சிங் பண்ணிட்டு விட்டது கணக்குல வராது) மூணு மாசம் ஆறு மாசம் ஆகியும் வலி அசையலைன்னா, "இது நாம நினைச்ச வியாதி தானா"ன்னு கேக்க வேண்டிய நேரம் வந்துடுச்சு. அது ஒரு காரணம். ஆனா அவ்ளோ நாள் காத்திருக்கக் கூடாத கேஸ்களும் இருக்கு, அதைத்தான் முக்கியமா சொல்லணும்.

படுத்திருக்கும்போதும், ராத்திரி தூக்கத்துலயும் வலி எழுப்புதுன்னா. குதிகாலை ரெண்டு பக்கமும் உள்ளங்கையால சேத்து அமுக்கினா வலி தாங்கலைன்னா. ஓடும்போதோ குதிக்கும்போதோ "டப்"புன்னு ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்து அப்புறம் உள்ளங்கால்ல ரத்தம் கட்டி நீலமாச்சுன்னா. காய்ச்சல், சிவப்பு, சூடு இருந்தா. சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு குதிகால்ல ஆறாத புண் இருந்தா. ஏற்கனவே புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்தவங்களுக்குப் புதுசா எலும்பு வலி வந்தா. இதெல்லாம் "இன்னும் ரெண்டு மாசம் பாப்போம்"ன்னு தள்ளிப்போடுற விஷயம் இல்ல. ஆபரேஷன் வரைக்கும் பேச்சு போயிட்டா அதுக்கு முன்னாடியும் பெரும்பாலும் ஒரு எம்ஆர்ஐ கேப்பாங்க, எதை அறுக்கப் போறோம்னு தெரிஞ்சிக்கணும் இல்லையா.

எக்ஸ்ரேல முள் வளந்திருக்குன்னு சொல்லிட்டாங்களே, காரணம் தான் தெரிஞ்சிடுச்சே, இனி ஸ்கேன் எதுக்கு?

இந்த முள்ளைப் பத்தி இருக்கிற பயம் அளவுக்கு முள் ஒண்ணும் பண்றதில்ல. குதிகால் முள்ளுன்னு சொல்ற அந்த எலும்பு நீட்டம் வலியே இல்லாத எத்தனையோ பேர் கால்லயும் இருக்கு, வலியால துடிக்கிற பலபேர் எக்ஸ்ரேல முள்ளே இருக்காது. அது கீழ பாத்து சதையைக் குத்திக்கிட்டு நிக்கிறதும் இல்ல, விரல் பக்கமா முன்னோக்கி வளருது, அதுவும் பல சமயம் ஃபேஷியாக்குள்ள இல்லாம அதுக்கு மேல இருக்கிற சின்ன தசை தொடங்குற இடத்துல தான் இருக்கும்.

அதுக்காக எக்ஸ்ரே வேஸ்ட்னு சொல்ல வரல. முதல்ல எடுக்க வேண்டியதே எக்ஸ்ரே தான், பெரிய எலும்பு முறிவு, கட்டி, மூட்டுத் தேய்மானம் எல்லாம் அதுலயே தெரிஞ்சிடும், சீக்கிரம் முடிஞ்சிடும். ஆனா ஃபேஷியா, டெண்டன் (தசையை எலும்போட கட்டுற கயிறு), நரம்பு, எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை இதெல்லாம் எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாது. எம்ஆர்ஐ பாக்குறது சரியா இந்த ஏரியாவைத்தான்.

எம்ஆர்ஐல அப்படி என்ன தெரியுது?

நம்ம உடம்புல தண்ணியும் கொழுப்பும் நிறைய, ரெண்டுலயும் ஹைட்ரஜன் இருக்கு. பெரிய காந்தத்துக்குள்ள (வழக்கமா 1.5 டெஸ்லா இல்ல 3 டெஸ்லா, 1.5ங்கிறதே பூமியோட காந்தத்தை விட சுமார் 30,000 மடங்கு) படுக்க வச்சு ரேடியோ அலையால அந்த ஹைட்ரஜனைத் தட்டி விட்டா அது திரும்பப் பழைய நிலைக்கு வரும்போது ஒரு சிக்னல் கொடுக்கும், அதை வச்சு கம்ப்யூட்டர் படம் வரையுது. எக்ஸ்ரே, சிடி மாதிரி கதிர்வீச்சு கிடையாது.

நீங்க படத்தைப் பாக்கும்போது ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும். டி1 படத்துல கொழுப்பு வெள்ளையா இருக்கும், உடற்கூறு தெளிவா தெரியும். கொழுப்போட வெளிச்சத்தை அணைச்சிட்டு எடுக்கிற படத்துல (ஸ்டிர், ஃபேட் சாட்னு எழுதியிருப்பாங்க) தண்ணி மட்டும் பளிச்சுன்னு வெள்ளையா நிக்கும். எங்க அடிபட்டிருக்கோ, எங்க அழற்சியோ அங்க தண்ணி கோத்துக்கும், அதனால ரெண்டாவது படத்துல இருட்டுல டார்ச் அடிச்ச மாதிரி பிரச்சனை இருக்கிற இடம் தெரியும். ஆனா டார்ச் "இங்க"ன்னு தான் காட்டும், "இதனால"ன்னு சொல்றது ரேடியாலஜிஸ்டோட (ஸ்கேன் படத்தைப் படிச்சு ரிப்போர்ட் எழுதுற டாக்டர்) வேலை.

பிளான்டார் ஃபேஷியைட்டிஸ் எம்ஆர்ஐல எப்படி இருக்கும்?

நல்லா இருக்கிற ஃபேஷியா எல்லாப் படத்துலயும் கருப்பா, மெல்லிசா, ஒரே சீரா ஒரு கோடு மாதிரி இருக்கும், தடிமன் 4 மில்லிமீட்டருக்குள்ள. பிரச்சனை வந்தா குதிகால் எலும்புல ஒட்டுற இடத்துல அது உப்பி 4 மில்லிமீட்டரைத் தாண்டிடும், கருப்பு போய் சாம்பல் நிறம் வரும், சுத்தியும் இருக்கிற கொழுப்புல நீர் கோத்திருக்கும், சில பேருக்கு எலும்புக்குள்ளயும் கொஞ்சம் எடிமா (நீர் கோக்கிறது).

கிழிஞ்சிருந்தா அந்தக் கருப்புக் கோடு நடுவுல அறுந்து அங்க வெள்ளையா நீர் தெரியும். ஸ்டெராய்டு ஊசி போட்டவங்களுக்குக் கிழியிற ஆபத்து கூடுதல், அதனால ஊசி போட்டதுக்கு அப்புறம் திடீர்னு வலி மாறி பாத வளைவு தட்டையான மாதிரி இருந்தா அதை டாக்டர் கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. இன்னொண்ணு, குதிகால்ல இல்லாம பாதத்து நடு வளைவுல ஒரு கட்டி கையில தட்டுப்பட்டா அது ஃபைப்ரோமாவா இருக்கலாம், புற்றுநோய் இல்ல, ஃபேஷியாலயே வளர்ற ஒரு முடிச்சு. வைத்தியமே வேற, அதனால பிரிச்சுப் பாக்க ஸ்கேன் உதவும்.

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்ங்கிறாங்களே, விழவே இல்லையே, எலும்பு எப்படி உடையும்?

ஒரே அடியில உடையிறது வேற, ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்சா கடைசியில விரிசல் விடுற மாதிரி ஆகுறது வேற. திடீர்னு ஓட ஆரம்பிச்சவங்க, ராணுவப் பயிற்சிக்குப் புதுசா போனவங்க, எலும்பு வலு குறைஞ்ச வயசானவங்க, இவங்களுக்கெல்லாம் குதிகால் எலும்புல மயிரிழை மாதிரி விரிசல் வரும். வலி நடக்க நடக்கக் கூடும், குறையாது. ஃபேஷியைட்டிஸ்ல முதல் அடி தான் மோசம், இதுல கடைசி அடி தான் மோசம்னு வச்சுக்கோங்களேன். அமுக்கிப் பாத்தா அடியில வலிக்கிறதை விட ரெண்டு பக்கத்துலயும் சேத்துப் பிடிச்சா தான் அதிகம் வலிக்கும்.

குதிகால் வலியில எம்ஆர்ஐ தன்னோட முழு மதிப்பையும் காட்டுறது இங்கதான்னு எனக்குத் தோணும். ஏன்னா ஆரம்பத்துல ரெண்டு மூணு வாரத்துக்கு எக்ஸ்ரே சுத்தமா நார்மல்னு வரும், "ஒண்ணும் இல்ல போங்க"ன்னு அனுப்பிடுவாங்க, நீங்களும் ஃபேஷியைட்டிஸ்னு நினைச்சுக்கிட்டு நடைப்பயிற்சியும் ஸ்ட்ரெச்சிங்குமா அந்த விரிசலைப் பெருசாக்கிட்டு இருப்பீங்க. எம்ஆர்ஐல அதே நேரத்துல டி1 படத்துல ஒரு கருப்புக் கோடும் அதைச் சுத்தி மஜ்ஜை முழுக்க எடிமாவும் தெரிஞ்சிடும். இந்த ரெண்டு வியாதிக்கும் சொல்ற அறிவுரை கிட்டத்தட்ட எதிரும் புதிருமா இருக்கும், ஒண்ணுல இழுத்து நீட்டி வேலை வாங்கு, இன்னொண்ணுல பாரத்தையே ஏத்தாதே. அதனால ஸ்கேன் இங்க வைத்தியத்தையே மாத்துது.

எனக்கு அடியில இல்ல, பின்பக்கம், செருப்போட வார் உரசுற இடத்துல வலி

அப்போ பாக்க வேண்டியது அக்கிலிஸ் டெண்டன். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோட கட்டுற தடிச்ச கயிறு அது. வலி எலும்புல ஒட்டுற இடத்துலயா, இல்ல அதுக்கு 2லருந்து 6 சென்டிமீட்டர் மேலயான்னு விரல் வச்சுக் காட்டுங்க, ரெண்டும் வேற வேற பிரச்சனை, பயிற்சியும் வேற. எம்ஆர்ஐல டெண்டன் எவ்ளோ தடிச்சிருக்கு, உள்ளுக்குள்ள கிழிசல் இருக்கா, அதுக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கிற சின்ன நீர்ப்பையில (பர்சா) வீக்கமா, எலும்போட பின்மூலை புடைச்சு உரசுதா (ஹேக்லண்ட்னு சொல்லுவாங்க) எல்லாம் ஒரே தடவையில தெரியும். அந்தப் பையில துளி நீர் இருக்கிறது சகஜம்.

இதுல ஒரு சின்ன ஏமாத்து வேலையும் இருக்கு. டெண்டன் காந்தத்தோட திசைக்கு 55 டிகிரி சாய்வா இருந்தா, சில வகைப் படத்துல ஒண்ணுமே இல்லாத நல்ல டெண்டன் கூட கெட்டுப்போன மாதிரி வெளுத்துத் தெரியும், இதுக்கு மேஜிக் ஆங்கிள்னே பேர். படிக்கத் தெரிஞ்சவங்க இன்னொரு வகைப் படத்தோட ஒத்துப் பாத்துத்தான் முடிவு சொல்லுவாங்க.

வலி இல்ல, எரிச்சல், ஊசி குத்துற மாதிரி, மரத்துப் போகுது. இதுக்கு?

நரம்பு மாட்டியிருக்கலாம். கணுக்காலுக்கு உள்பக்கம் ஒரு குறுகலான சந்து வழியா நரம்பு பாதத்துக்குள்ள இறங்குது, அங்க ஒரு நீர்க்கட்டியோ புடைச்ச ரத்தக்குழாயோ அதை நெருக்கினா டார்சல் டனல் சிண்ட்ரோம், அந்த நெருக்குற பொருளை எம்ஆர்ஐ நல்லா காட்டிடும். இன்னொண்ணு பாக்ஸ்டர் நரம்பு, குதிகாலுக்குக் கீழ சுத்திப் போற மெல்லிசான கிளை, வலி அச்சு அசல் ஃபேஷியைட்டிஸ் மாதிரியே இருக்கும். நரம்பு நேரா தெரியாட்டியும் அது வேலை கொடுக்கிற தசை, அதாவது சுண்டுவிரலை விலக்குற தசை, சுருங்கிக் கொழுப்பா மாறியிருந்தா அதுவே துப்பு. ஆனா வலியே இல்லாதவங்களுக்கும் இந்தத் தசை சுருங்கியிருக்கிறதைப் பாக்கலாம், அதனால ரிப்போர்ட்ல இந்த வரியைப் பாத்தவுடனே இதுதான்னு குதிக்க வேண்டாம். நரம்பு எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் தனியா இருக்கு.

குழந்தைக்கு விளையாடிட்டு வந்தா குதிகால் வலிக்குது, ஸ்கேன் எடுக்கவா?

8 வயசுலருந்து 14 வயசு வரைக்கும் ஓடி விளையாடுற பிள்ளைங்களுக்கு வர்ற குதிகால் வலி பெரும்பாலும் செவர் நோய், பேர்ல தான் நோய், வளர்ற எலும்போட நுனியை அக்கிலிஸ் இழுக்கிறதால வர்ற வலி. ஓய்வு கொடுத்தா அடங்கும், வளர்ச்சி முடிஞ்சா தானா போயிடும். ஸ்கேன் பொதுவா தேவையில்ல. காய்ச்சல், ராத்திரி வலி, ஓய்வுலயும் குறையாத வலி, இது இருந்தா மட்டும் கதை வேற.

ரெண்டு குதிகாலும் ஒண்ணா வலிக்குது, காலைல முதுகும் கட்டை மாதிரி இறுகிடுது

இதை ஏன் தனிக் கேள்வியா வைக்கிறேன்னா பலபேர் முதுகு வலியை ஒரு டாக்டர் கிட்டயும் குதிகால் வலியை இன்னொருத்தர் கிட்டயும் சொல்லிக்கிட்டு வருஷக்கணக்கா சுத்துறாங்க. ரெண்டும் சேந்து வந்தா, அதுவும் இளம் வயசுல, அரை மணி நேரத்துக்கு மேல நீடிக்கிற காலை இறுக்கத்தோட வந்தா, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை வாத நோயா இருக்கலாம். டெண்டனும் ஃபேஷியாவும் எலும்புல ஒட்டுற இடங்களைத்தான் அது தாக்கும். குதிகால் எம்ஆர்ஐல அந்த ஒட்டுற இடத்துல எலும்புக்குள்ள அதிக எடிமா, சின்னச் சின்ன அரிப்பு தெரியலாம், ஆனா இந்தக் கேஸ்ல டாக்டர் முதுகெலும்பு அடியில இடுப்பெலும்போட சேர்ற மூட்டை (சேக்ரோஇலியாக்) எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா "வலி கால்லதானே"ன்னு சண்டை போடாதீங்க, பதில் அங்க கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சர்க்கரைப் புண் இருந்தா எம்ஆர்ஐ எதுக்குக் கேக்கிறாங்க?

புண் தோலோட நிக்குதா எலும்பு வரைக்கும் போயிடுச்சான்னு பாக்க. எலும்புல கிருமி ஏறிட்டா டி1 படத்துல வெள்ளையா இருக்க வேண்டிய மஜ்ஜை கருத்துப் போயிருக்கும், பக்கத்துல சீழ் கட்டியிருந்தாலும் தெரியும். ஆன்டிபயாட்டிக் எவ்ளோ நாள், ஆபரேஷன் வேணுமா, எங்க வரைக்கும்னு எல்லாமே இதை வச்சு முடிவாகும். எக்ஸ்ரேல மாற்றம் தெரியிறதுக்குள்ள வாரங்கள் ஓடிடும். இவங்களுக்கு நரம்பு மரத்துப் போயிருக்கிறதால வலி கம்மியா இருக்கலாம், வலி கம்மின்னு அலட்சியமா இருக்கக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் போதாதா?

ஃபேஷியாவோட தடிமனை அளக்க, அக்கிலிஸ் கிழிசலைப் பாக்க, பர்சால நீரைப் பாக்க அல்ட்ராசவுண்ட் நல்லாவே போதும். காலை அசைச்சுக்கிட்டே பாக்கலாம், வலிக்கிற இடத்துலயே ப்ரோபை வச்சு "இங்கயா"ன்னு கேட்டுக்கிட்டே பாக்கலாம், இந்த வசதி எம்ஆர்ஐல கிடையாது. ஆனா ஒலி அலை எலும்புக்குள்ள போகாது, அதனால ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், எலும்புக் கிருமி, எலும்புக் கட்டி எல்லாம் அதுக்குத் தெரியாது. ஃபேஷியா தான்னு சந்தேகம்னா அல்ட்ராசவுண்ட், எலும்பு மேல சந்தேகம்னா எம்ஆர்ஐ, அவ்ளோதான் என் கணக்கு.

கான்ட்ராஸ்ட் ஊசி போடுவாங்களா?

சாதாரண குதிகால் வலிக்குத் தேவையில்ல. கிருமி, கட்டி, வாத நோய் இந்தச் சந்தேகம் இருந்தா கடோலினியம்ங்கிற கான்ட்ராஸ்ட் மருந்து (பிரச்சனை இருக்கிற இடத்தைப் படத்துல எடுப்பா காட்டுறது) போடலாம். கிட்னி பிரச்சனை இருந்தாலோ கர்ப்பமா இருந்தாலோ முன்னாடியே சொல்லிடுங்க.

உள்ள போய் படுக்கவே பயமா இருக்கு, மூச்சு முட்டும்

கால் ஸ்கேன்ல ஒரு நிம்மதி என்னன்னா கால் தான் முதல்ல உள்ள போகும், தலை பெரும்பாலும் வெளிய, இல்ல வாசல் பக்கத்துலயே இருக்கும். பாதத்தை ஒரு பூட்ஸ் மாதிரி இருக்கிற காயில்குள்ள வச்சு அசையாம இருக்க மெத்தை அடைச்சிடுவாங்க. மொத்தம் 20லருந்து 40 நிமிஷம். சத்தம் தான் கொடுமை, யாரோ பக்கத்துல சுத்தியால தகரத்தை அடிக்கிற மாதிரி இருக்கும், காதுக்கு அடைப்பான் கொடுப்பாங்க, கொடுக்கலைன்னா கேட்டு வாங்குங்க. ஒரு தடவை கால் ஆடினாலும் படம் கலங்கி அந்தப் பகுதியைத் திரும்ப எடுக்கணும், அதனால போறதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு, வலி தாங்கலைன்னா டாக்டரைக் கேட்டு மாத்திரை போட்டுட்டுப் போங்க.

ஒரு விஷயம் மறக்காம செய்யுங்க. எங்க வலிக்குதுன்னு ஒரு விரல் வச்சு டெக்னீஷியன் கிட்ட காட்டுங்க. அந்த இடத்துல ஒரு எண்ணெய் மாத்திரையை (மீன் எண்ணெய் கேப்சூல் மாதிரி) டேப் போட்டு ஒட்டிட்டு எடுக்கிற வழக்கம் இருக்கு, அது படத்துல பளிச்சுன்னு தெரியும், ரிப்போர்ட் எழுதுறவருக்கு நீங்க பக்கத்துல நின்னு விரல் காட்டுற மாதிரி.

உடம்புல மெட்டல் இருந்தா?

பேஸ்மேக்கர், காதுக்குள்ள வச்ச கருவி, மூளை ரத்தக்குழாய் கிளிப், கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் தெறிச்சது (வெல்டிங், கிரைண்டிங் வேலை பாத்தவங்க கவனிங்க), இன்சுலின் பம்ப், தோல்ல ஒட்டுன சுகர் சென்சார், மருந்து பேட்ச் எதையும் மறைக்காதீங்க. இப்போ வர்ற பேஸ்மேக்கர்ல பலது சில நிபந்தனையோட எம்ஆர்ஐக்கு ஒத்துக்கும், ஆனா அது எந்த மாடல்னு அட்டை பாத்து அவங்க முடிவு பண்ணணும், நாம இல்ல. கால்லயே பழைய ஸ்க்ரூ பிளேட் இருந்தா பெரும்பாலும் ஆபத்து கிடையாது, ஆனா அதைச் சுத்தி படம் நெளிஞ்சு கருப்பாகிடும், டைட்டானியம்னா கம்மி, ஸ்டீல்னா அதிகம். ஸ்க்ரூ குதிகால்லயே இருந்தா வேற ஸ்கேன் சொல்லலாம்.

ரிப்போர்ட்ல அஞ்சாறு பிரச்சனை எழுதியிருக்கு, எனக்கு இவ்ளோ வியாதியா?

இல்லைங்க. கண்ணுக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் எழுதுறது அவங்க கடமை. எடிமான்னா நீர் கோத்திருக்குன்னு தான் அர்த்தம், அது ரொம்ப நேரம் நின்னதாலயும் வரலாம் ஃப்ராக்சராலயும் வரலாம். குதிகால் எலும்பு நடுவுல சின்ன நீர்ப்பை, கொழுப்புக் கட்டி எல்லாம் வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலா தெரியிறதும் உண்டு, பலதுக்கும் ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், டாக்டர் கிட்ட போய் விரல் வச்சுக் காட்டி "இந்த இடத்து வலிக்கு இதுல எந்த வரி ஒத்துப் போகுது"ன்னு கேளுங்க. எதுவும் ஒத்துப் போகலைன்னா அந்த வரிகளுக்கு வைத்தியம் பாக்க அவசரப்பட வேண்டாம்.

நார்மல்னு வந்திருக்கு, ஆனா வலி அப்படியே இருக்கே?

நடிக்கிறீங்கன்னு அர்த்தமில்ல. படுத்துக்கிட்டு எடுக்கிற ஸ்கேன்ல பாரம் ஏறும்போது நடக்கிறது தெரியாது. குதிகாலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு மெத்தை வயசாக ஆக மெலிஞ்சு போறதை ரிப்போர்ட்ல பல சமயம் எழுதவே மாட்டாங்க, நடுக் குதிகால்ல கல்லு மேல நிக்கிற மாதிரி வலின்னா அதைப் பாக்கச் சொல்லிக் கேளுங்க. இன்னொரு இடம் முதுகு, அடிமுதுகுல எஸ்1 நரம்பு நசுங்கினா வலி குதிகால்ல வந்து நிக்கும், அப்போ குதிகாலை எத்தனை தடவை ஸ்கேன் எடுத்தாலும் நார்மல்தான் வரும்.

வலி போயிடுச்சு, சரியாகிடுச்சான்னு பாக்க இன்னொரு தடவை எடுக்கலாமா?

ஃபேஷியைட்டிஸ்னா வேண்டாம், வலி போன பிறகும் படத்துல தடிமன் மாசக்கணக்குல அப்படியே தான் இருக்கும், அதைப் பாத்துட்டு நிம்மதி கெட்டது தான் மிச்சம். எலும்புக் கிருமிக்கும், ஆறாத விரிசலுக்கும் டாக்டர் கேட்டா எடுங்க.